உணவைவிட அதற்கு முந்தைய ஒலிக்கு நாய் ஏன் அதிகம் துள்ளுகிறது? டோபமின் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: தும்பி

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். நரம்பு மண்டலப் பாடத்தில் டோபமினை "இன்பம் தரும் வேதிப்பொருள்" என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவது என் நீண்டநாள் வழக்கம். வீட்டில் வளரும் நாயைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு அந்த வரியை நிம்மதியாகச் சொல்ல முடியவில்லை.

அதன் உணவு ஒரு தகர டப்பாவில் இருக்கிறது. மூடியைத் திறக்கும் ஒலி கேட்டதும், எந்த அறையில் உறங்கிக்கொண்டிருந்தாலும், நகங்கள் தரையில் வழுக்க ஓடிவந்து, முன்கால்களைத் தூக்கி, உடல் முழுவதும் நடுங்கும் அளவுக்கு வாலை ஆட்டுகிறது. கிண்ணத்தைத் தரையில் வைத்ததும் அந்த ஆரவாரம் சட்டென்று அடங்கிவிடுகிறது. தலையைக் குனிந்து, வால் அசைவின்றி, அரை நிமிடத்திற்குள் தின்று முடிக்கிறது. அதன்பின் கிண்ணத்தை விட்டுவிட்டு, உணவு எதுவும் ஒட்டியிராத அந்த மூடியிடம் போய் மூக்கை வைத்து நக்குகிறது.

டோபமின் இன்பத்திற்கான பொருள் என்றால், உச்சம் உண்ணும்போதல்லவா இருக்க வேண்டும்? எதிர்பார்ப்பின்போது மூளையில் நடப்பதும் உண்ணும்போது நடப்பதும் ஒரே சுற்றின் வேலையா, அல்லது வெவ்வேறு சுற்றுகளா? மாணவர்களிடம் தவறானதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேனோ என்ற உறுத்தலுடன்தான் கேட்கிறேன். விரிவாகவே விளக்குங்கள்.

மறுமொழி: நுண்ணோக்கி

தும்பி அவர்களுக்கு வணக்கம். எலிகளின் நடத்தையையும் மூளையையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் உறுத்தல் நியாயமானது. அந்த ஒற்றை வரி பாடநூல்களுக்குள் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கினால் விடை தெளிவாகும்.

1954-இல், மொன்றியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் ஆகிய இருவரும் எலிகளின் மூளையில் மின்முனைகளைப் பொருத்தினார்கள். அவர்கள் குறிவைத்தது விழிப்புநிலையோடு தொடர்புடைய வேறொரு பகுதியை. ஓர் எலியில் மட்டும் மின்முனை இலக்குத் தவறி, செப்டம் என்னும் பகுதிக்கு அருகே போய் நின்றது. அந்த எலி, எந்த மூலையில் இருந்தபோது மின்தூண்டல் கிடைத்ததோ அந்த மூலைக்கே திரும்பத் திரும்ப வந்தது. எலியே நெம்புகோலை அழுத்தித் தனக்குத் தூண்டல் கொடுத்துக்கொள்ளும்படி கருவியை மாற்றியமைத்தபோது, அது ஓயாமல் அழுத்தியது. பின்னர் ஹைப்போதாலமஸின் பக்கவாட்டுப் பகுதி போன்ற இடங்களில் மின்முனை வைத்தபோது மணிக்கு 2000 தடவைக்கு மேலும் அழுத்திய எலிகள் உண்டு. "இன்ப மையம்" என்ற சொல் அதிலிருந்துதான் புழக்கத்திற்கு வந்தது.

அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, டோபமின் தன்னளவிலேயே ஒரு நரம்புக்கடத்தி (நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் பொருள்) என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன் காட்டினார். நடுமூளையில் வென்ட்ரல் டெக்மெண்டம் என்ற சிறு பகுதியில் உள்ள டோபமின் நரம்பணுக்கள் தம் நீண்ட இழைகளை முன்மூளையின் நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ் என்னும் கருவுக்கு அனுப்புகின்றன என்பதும், வென்ட்ரல் டெக்மெண்டத்திற்கு அருகே உள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் நரம்பணுக்கள் முன்மூளையின் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின் மேற்பாகத்திற்குச் செல்கின்றன என்பதும் படிப்படியாகத் தெரியவந்தன. டோபமின் ஏற்பிகளைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது, உணவுக்காக நெம்புகோலை அழுத்தும் எலிகள், உணவே வராமல் நின்றுபோனதைப்போல மெல்ல மெல்ல அழுத்துவதைக் கைவிட்டன. ராய் வைஸ் 1978-இல் வெளியிட்ட இந்தச் சோதனையின் அடிப்படையில், டோபமின் தடைப்பட்டால் உணவின் இன்பமே மங்கிவிடுகிறது என்ற கருத்து வலுப்பெற்றது. நீங்கள் வகுப்பில் சொல்லும் வரியின் பூர்வீகம் இதுதான். அந்தக் காலத்துச் சான்றுகளை வைத்துப் பார்த்தால் அது அறிவார்ந்த முடிவே என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்து நடந்ததுதான் என்னை இந்தத் துறைக்கே இழுத்து வந்தது. விலங்கு ஒன்று எதையாவது நாடிச் செல்கிறது என்பதை வைத்து அது இன்பம் அடைகிறது என்று சொல்லிவிட முடியாது. இன்பத்தைத் தனியாக அளக்க வழி வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் எலியின் முகத்தைப் பார்த்தார். சர்க்கரைக் கரைசலை வாயில் விட்டால் எலி நாவைத் தாளகதியில் நீட்டி உதடுகளை நக்குகிறது. கசப்பான கரைசலை விட்டால் வாயை அகலத் திறந்து, தலையை உதறி, முன்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறது. மனிதக் குழந்தைகளின் முகத்திலும் இதே வகை அசைவுகளைக் காணலாம். காணொளியை மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு நாவசைவையும் எண்ணிக் கணக்கிடுவார்கள். நானும் அப்படி எண்ணியிருக்கிறேன். கண்ணாடித் தரைக்கு அடியிலிருந்து பார்க்கும்போது, ஒரு துளி இனிப்புக்கு அந்தச் சிறு நாக்கு காட்டும் பதிலை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

டோபமின் இழைகளை மட்டும் அழிக்கும் நச்சைச் செலுத்தி, முன்மூளையின் டோபமினை ஏறத்தாழ முழுவதும் நீக்கிவிட்ட எலிகளை அவர் எடுத்துக்கொண்டார். அவை தாமாக உண்ணாது. குழாய்வழி ஊட்டாவிட்டால், உணவுக் குவியலுக்கு நடுவிலேயே பட்டினியால் இறந்துவிடும். ஆனால் அவற்றின் வாயில் சர்க்கரைக் கரைசலை விட்டால், நலமான எலிகள் எத்தனை தடவை நாவை நீட்டுமோ அத்தனை தடவை நீட்டின. சுவையின் இன்பம் அப்படியே இருந்தது. அதை நாடிப் போகும் உந்துதல்தான் மறைந்திருந்தது. மறுபக்கச் சான்றும் உண்டு. மரபணு மாற்றத்தால் மூளையில் டோபமின் மிகுந்திருக்கும் எலிகள் இனிப்பை நோக்கி விரைந்து ஓடுகின்றன, வழியில் கவனம் சிதறுவதும் குறைவு. ஆனால் இனிப்பு வாயில் பட்டதும் அவற்றின் முகம் காட்டும் இன்பம் கூடுவதில்லை.

ஆகவே பெரிட்ஜும் அவருடைய சகா டெர்ரி ராபின்சனும் நாட்டம் வேறு, இன்பம் வேறு என்று பிரித்தார்கள். டோபமின் நாட்டத்திற்குரியது. இன்பத்தைக் கூட்டுபவை அக்கம்பன்ஸின் ஓரத்தில் எலிக்கு ஏறத்தாழ 1 கன மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு சிறு திட்டும், வென்ட்ரல் பாலிடம் என்ற பகுதியில் உள்ள இன்னொரு திட்டும். அங்கே முதன்மையாக வேலை செய்பவை மூளையே சுரக்கும், அபினை ஒத்த ஓபியாய்டுகளும் அவற்றைப் போன்ற பிற பொருள்களும். நாட்டத்திற்கான சுற்று பரந்தது, எளிதில் தூண்டப்படுவது. இன்பத்திற்கானது சிறியது. உங்கள் நாய் ஒலிக்குத் துள்ளுவதும் உண்ணும்போது அமைதியாக இருப்பதும், இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதோடு நன்றாகவே பொருந்துகின்றன.

மறுமொழி: அலைவரிசை

நுண்ணோக்கி எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தும்பியின் கேள்வியில் "ஏன் ஒலிக்கு?" என்ற பகுதி இன்னும் விடையின்றி நிற்கிறது. அதற்கு நேரடியான விடை தருபவை சுவிட்சர்லாந்தின் ஃபிரீபோர்க் நகரில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் செய்த பதிவுகள்.

ஒரு தனி டோபமின் நரம்பணுவுக்கு அருகே மெல்லிய மின்முனையை வைத்து, குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு விட்டால், வினாடிக்கு ஒருசில துடிப்புகளோடு சோம்பிக் கிடந்த அந்த நரம்பணு சட்டென்று ஒரு கொத்தாகத் துடிக்கிறது. இப்போது சாற்றுக்கு முன் ஒரு விளக்கை எரியவிட்டு, இதைப் பலமுறை செய்தால், துடிப்பு விளக்குக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. சாறு வரும்போது நரம்பணு எதுவும் செய்வதில்லை. சாறு வந்துகொண்டுதான் இருக்கிறது, குரங்கு அதைக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது; ஆனால் அது ஏற்கெனவே எதிர்பார்த்த செய்தி. விளக்கை எரியவிட்டுச் சாறு கொடுக்காமல் விட்டாலோ, சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் நரம்பணுவின் துடிப்பு அடிநிலைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வராத ஒன்றுக்கு, அது வந்திருக்க வேண்டிய நேரத்தில், ஒரு நரம்பணு பதில் சொல்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

1997-இல் ஷுல்ட்ஸ், பீட்டர் டயன், ரீட் மான்டேக் ஆகியோர், இந்தத் துடிப்பு வெகுமதியின் அளவைக் குறிக்கவில்லை, கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் இடையிலான வேறுபாட்டையே குறிக்கிறது என்று எழுதினார்கள். கணினிகளுக்குக் கற்பிக்கப் பயன்பட்ட ஒரு கணக்குமுறையில் வரும் பிழைக்குறிப்பும் இதுவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. உங்கள் வீட்டில் உணவு எப்போது வரும் என்பதை முதலில் அறிவிப்பது மூடியின் ஒலி. அதற்கு முன்னால் நாய்க்கு எந்த அறிகுறியும் இல்லை. ஆகவே புதிய செய்தி முழுவதும் அந்த ஒலியில்தான் இருக்கிறது. கிண்ணம் தரையில் படும்போது சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை.

ஏமாற்றத்தின் சரிவு எங்கிருந்து வருகிறது என்பதும் ஓரளவு தெரியும். லேட்டரல் ஹெபெனுலா என்ற சிறு பகுதியின் நரம்பணுக்கள் நேர்மாறாக இயங்குகின்றன: எதிர்பார்த்தது வராதபோது அவை துடித்தெழுந்து, இடையிலுள்ள தடுப்பு நரம்பணுக்கள் வழியாக டோபமின் நரம்பணுக்களை அடக்குகின்றன. மட்சுமோட்டோவும் ஹிகோசாகாவும் 2007-இல் குரங்குகளில் இதைக் காட்டினார்கள்.

எனவே, டோபமினை நாட்டத்தின் பொருள் என்பதைவிடக் கற்றலுக்கான குறிப்பு என்று சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

மறுமொழி: தும்பி

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு மறுமொழிகளையும் படித்த பிறகு ஓர் ஐயம் எழுகிறது. வயிறு நிறைய உண்ட பிறகு அதே மூடியின் ஒலி கேட்டால், எங்கள் நாய் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது. ஒலி சொல்லும் செய்தி மாறவில்லை, கற்றதும் அழிந்துவிடவில்லை. அப்படியிருக்க, அதன் ஈர்ப்பு மட்டும் எப்படிக் குறைகிறது? மூடியை நக்குவதைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை.

மறுமொழி: நுண்ணோக்கி

தும்பி, அலைவரிசையின் முடிவோடு நான் வேறுபடும் இடத்தையே நீங்கள் தொட்டிருக்கிறீர்கள். கற்றது மட்டுமே போதும் என்றால் ஈர்ப்பின் அளவு பழைய அனுபவத்தால் தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி இல்லை என்பதற்கு 2013-இல் ராபின்சன் (மைக் ராபின்சன், முன்பு சொன்னவர் அல்லர்), பெரிட்ஜ் ஆகியோர் வெளியிட்ட சோதனை நல்ல சான்று.

ஒரு நெம்புகோல் நீண்டால் எலியின் வாயில் சர்க்கரைக் கரைசல் வரும். இன்னொன்று நீண்டால் சாக்கடலின் உப்புச்செறிவுக்கு இணையான கரைசல் வரும். அது எலிக்குத் தாங்க முடியாத சுவை. சில நாள்களில் உப்பு நெம்புகோல் நீண்டாலே எலிகள் மறுபக்கச் சுவரோரம் ஒதுங்கக் கற்றுக்கொண்டன. அதன்பின் மருந்து கொடுத்து, உடலில் உப்புப் பற்றாக்குறையை உண்டாக்கினார்கள். எலிகள் தம் வாழ்நாளில் அப்படியொரு நிலையை அறிந்ததில்லை; அந்த நிலையில் உப்பைச் சுவைத்ததும் இல்லை. இருந்தும், உப்பு நெம்புகோல் முதல் தடவை நீண்டதுமே ஓடிவந்து அதை முகர்ந்தன, பற்களால் கவ்வின. அனுபவம் முழுவதும் "விலகு" என்றது; உடலின் அப்போதைய தேவை "அருகே போ" என்றது; வென்றது தேவை. ஆக, கற்ற குறிப்பும் உடலின் நிலையும் அந்தக் கணத்திலேயே சேர்ந்து ஈர்ப்பை உருவாக்குகின்றன.

உடலின் நிலை இந்தச் சுற்றை எட்டும் வழிகள் பல. வெறும் வயிறு சுரக்கும் கிரெலின் என்னும் ஹார்மோனுக்கும், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டினுக்கும் வென்ட்ரல் டெக்மெண்டத்திலேயே ஏற்பிகள் உண்டு; முன்னது டோபமின் நரம்பணுக்களை முடுக்குகிறது, பின்னது தணிக்கிறது. உங்கள் நாய் நிறைந்த வயிற்றோடு தலையை மட்டும் தூக்கிப் பார்ப்பதற்கு, இந்தக் கணக்கில் ஒரு பங்காவது இருக்கும்.

அலைவரிசை சொன்ன கற்றல் குறிப்பை நான் மறுக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். 2013-இலேயே ஒளியால் நரம்பணுக்களை இயக்கும் முறையில் ஒரு நேர்த்தியான சோதனை வந்தது. ஒரு ஒலி வெகுமதியை ஏற்கெனவே முழுமையாக அறிவித்துவிட்டால், அதனோடு ஒரு விளக்கைப் புதிதாகச் சேர்த்தாலும் எலி விளக்கைப் பற்றி எதையும் கற்பதில்லை. ஆனால் வெகுமதி வரும் கணத்தில் டோபமின் நரம்பணுக்களை ஒளியால் தூண்டினால், எலி விளக்கையும் கற்றுக்கொள்கிறது. டோபமின் கற்றலை உண்டாக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கேட்க முடியாது. ஒரே பொருள் இரண்டு வேலைகளையும் செய்கிறது என்றே நான் கருதுகிறேன்.

மறுமொழி: துணைவழி

நான் ஆய்வாளர் அல்லன். நாய்களுக்குப் பயிற்சி அளிப்பவன். மூடியை நக்குவது பற்றிய பகுதியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கிளிக்கர் என்ற சிறு கருவியின் ஒலியை உணவுத் துண்டோடு இணைத்துப் பழக்குவது எங்கள் அன்றாட வேலை. பழகிய பிறகு சில நாய்கள் ஒலி கேட்டதும் என் உணவுப் பையைப் பார்க்கும். வேறு சில நாய்கள் கிளிக்கர் உள்ள கையையே முகரும், கருவியை வாயால் கவ்வ முயலும். இதைக் குணவேறுபாடு என்று விட்டுவிட்டிருந்தேன். எலிகளிலும் இதே பிரிவு உண்டு என்பதைப் பின்னர்தான் படித்தேன். நெம்புகோல் நீண்டு, சில வினாடிகளில் உணவு வேறொரு தட்டில் விழும் என்றால், சில எலிகள் தட்டிடம் ஓடிக் காத்திருக்கும். சில எலிகள் நெம்புகோலையே உணவுபோலக் கடிக்கும். 2011-இல் ஷெல்லி ஃபிளேகலும் அவருடைய குழுவினரும் அளந்தபோது, டோபமின் துடிப்பு உணவிலிருந்து குறிப்புக்கு இடம்பெயர்ந்தது நெம்புகோலைக் கடிக்கும் எலிகளில் மட்டும்தான். உணவு எப்போது வரும் என்பதை இரு வகை எலிகளும் சமமாகவே கற்றிருந்தன. தும்பியின் நாய் மூடியைத் தேடிப் போகும் வகையைச் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

உழைப்பைப் பற்றியும் ஒரு சொல். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜான் சலமோன், ஆங்கில 'டி' எழுத்து வடிவப் பாதையின் ஒரு கையில் நிறைய உணவையும் அதற்கு முன்னால் ஏறிக் கடக்க வேண்டிய கம்பித் தடுப்பையும், மறு கையில் தடையின்றிச் சிறிதளவு உணவையும் வைத்தார். நலமான எலிகள் தடுப்பை ஏறின. அக்கம்பன்ஸில் டோபமின் குறைக்கப்பட்ட எலிகள் சிறிதளவு உணவோடு நிறைவடைந்தன. ஆனால் மறு கையில் உணவே இல்லை என்றால் அவையும் தடுப்பை ஏறின. பசியும் இருந்தது, ஏறும் வலிமையும் இருந்தது. "இவ்வளவு பாடுபடலாம்" என்ற கணிப்புதான் மாறியிருந்தது. பயிற்சியில் சோர்ந்துபோகும் நாயைச் சோம்பேறி என்று திட்டும் உரிமையாளர்களிடம் இந்தச் சோதனையை நான் விளக்கிச் சொல்வதுண்டு.

மறுமொழி: தேன்கூடு

பாலூட்டிகளோடு நின்றுவிட வேண்டாம் என்பதற்காக ஒரு சிறு சேர்க்கை. தேனீயின் தலையில் சர்க்கரைக்குத் துடிக்கும் ஒரு குறிப்பிட்ட நரம்பணு உண்டு. அது சுரப்பது டோபமினை ஒத்த ஆக்டோபமின் என்ற பொருள். 1993-இல் மார்ட்டின் ஹம்மர், ஒரு மணத்தைக் காட்டிவிட்டு, சர்க்கரை கொடுப்பதற்குப் பதிலாக அந்த நரம்பணுவை மின்சாரத்தால் தூண்டினார். தேனீ பின்னர் அந்த மணத்திற்கு, சர்க்கரை கிடைத்ததைப்போல உறிஞ்சுகுழலை நீட்டியது. பழகிய தேனீயில் அந்த நரம்பணு மணத்திற்கே துடிக்கத் தொடங்குகிறது. பழஈக்களில் இனிப்பைப் பற்றிய நினைவைப் பதிப்பவை டோபமின் நரம்பணுக்கள். இவ்வளவு தொலைவில் பிரிந்துபோன உயிரினங்களிலும் இத்தகைய ஏற்பாடு இருப்பதை மாணவர்கள் அறிந்தால், மூளையின் வரைபடத்தை மனப்பாடம் செய்வதைவிட ஆர்வம் கொள்வார்கள்.

மறுமொழி: தும்பி

ஐந்து நாள்கள் கழித்து எழுதுகிறேன். நேற்று ஒருமுறை மட்டும், மூடியைத் திறந்துவிட்டு, கிண்ணத்தை வழக்கமான நேரத்தில் வைக்காமல் சற்றே தாமதித்து, அதைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். ஒலி கேட்டதும் வழக்கம்போல ஓடிவந்து துள்ளியது. கிண்ணம் தரையில் பட்டிருக்க வேண்டிய கணம்வரை அதில் எந்த மாற்றமும் இல்லை. அந்தக் கணம் கடந்ததும் வால் நின்றது, முன்கால்கள் தரைக்கு வந்தன, காதுகள் பின்னுக்குச் சென்றன. வெறும் தரையை ஒருமுறை பார்த்துவிட்டு, என் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. மேலும் காக்கவைக்க மனம் வரவில்லை, உடனே கிண்ணத்தை வைத்துவிட்டேன்.

ஒரு நாயின் காதசைவை வைத்து நடுமூளையில் நடந்ததை நான் சொல்லிவிட முடியாது. இருப்பினும், அடுத்த வாரப் பாடத்தில் அந்தக் காணொளியை முதலில் காட்டி, வால் நின்ற கணம் எது, ஏன் அந்தக் கணம் என்று மாணவர்களையே கேட்கப்போகிறேன். ஷுல்ட்ஸின் குரங்கு நரம்பணுவின் துடிப்புகளைக் கரும்பலகையில் வரைவது அதற்குப் பிறகுதான்.